வெற்றிச்செல்வி போட்ட கையெழுத்து

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் வயல்களுக்கு நடுவே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் துறையில் உதவிப் பேராசிரியராக வெற்றிச்செல்வி சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. ஊர் திருமானூருக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அப்பா மதுரைவீரன் கரும்பு வெட்டப் போனவர், பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றினார். அம்மா ஆண்டாயி நடவுக்குப் போவார். அந்தக் காலனியில் எம்.இ. வரை படித்த முதல் ஆள் அவள். படித்ததோடு நிற்காமல் 2012இல் முனைவர் பட்ட ஆய்வுக்கும் பதிவு செய்துகொண்டாள். அவளுக்கு வாய்த்த கைடு பேராசிரியர் சிவசுப்பிரமணியன்.

சிவசுப்பிரமணியன் சாதாரண ஆளில்லை. பல கணினிகள் சேர்ந்து ஒரே பதிவேட்டைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் அவருடைய துறை. ஒரு கணினி கெட்டுப்போனாலும் பதிவேடு போகக் கூடாது என்பதற்காக அதன் நகலை ஐந்தாறு கணினிகளில் வைப்பார்கள். எல்லா நகலிலும் ஒரே விவரம் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கணினியைத் தலைவனாக வைப்பார்கள். எதை எழுதுவதானாலும் தலைவன் வழியாகத்தான் எழுத வேண்டும். தலைவன் செத்தால் மற்றவை கூடி வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும். இந்தத் தேர்தலை விரைவாக நடத்த சிவசுப்பிரமணியன் 2003இல் ஒரு முறையைக் கண்டுபிடித்து வெளிநாட்டு ஆய்விதழில் வெளியிட்டிருந்தார். ஒரு தலைவனின் பதவி பத்து வினாடிதான். நீட்டித்துக்கொள்ளாவிட்டால் அது தானே இறங்கிவிடும். இந்த ஒரு கட்டுரையால் அவருக்கு விருது வந்தது, பதவி வந்தது, மேடைகள் வந்தன. அதற்கு நிகராக இன்னொன்றை அவர் எழுதவே இல்லை.

அந்த முறையை உண்மையான கணினிகளில் ஓட்டிப் பார்க்கும் வேலையை அவர் வெற்றிச்செல்விக்குக் கொடுத்தார். கல்லூரி லேபில் மாணவர்களுக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஏழு பழைய கணினிகளை அவளுக்குத் தந்தார்கள். அவள் அவற்றுக்கு எண் போட்டு வரிசையாக வைத்தாள். வகுப்பில்லாத நேரமெல்லாம் அந்த அறையிலேயே கிடந்தாள்.

வாரத்துக்கு ஒரு முறை சிவசுப்பிரமணியனைப் பார்க்கப் போக வேண்டும். அவர் அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. அவள் நின்றபடியே பேசுவாள். அவர் உட்காரச் சொல்வதில்லை. மற்ற ஆய்வு மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் எழுதிக் கொடுத்த தாள்களில் சிவப்பு மையால் ஆங்கிலத்தைத் திருத்தி, மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தருவார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஒருநாள் மற்றவர்கள் முன்னிலையில், ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கலாம், நிரூபணம் எழுத ஒதுக்கீடு கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் நின்றிருந்தால் அதையும் அவர் குறித்து வைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

2015ஆம் ஆண்டு ஏப்ரலில் அவளுடைய கணினிகள் ஒரு விநோதமான காரியம் செய்தன. பதிவேட்டில் அவள் எழுதிய ஒரு வரி காணாமல் போயிற்று. எழுதியதாகத் திரையில் வந்தது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் இல்லை. தன்னுடைய நிரலில்தான் பிழை என்று நினைத்து ஒரு மாதம் தேடினாள். பிழை இல்லை. பிறகு நான்காம் எண் கணினியைக் கவனித்தாள். அதன் ஹார்டு டிஸ்க் பழசு. அவ்வப்போது பதினைந்து இருபது வினாடி அப்படியே உறைந்து நின்று, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். தூங்கி எழுந்தவனுக்குத் தான் தூங்கிய நேரம் தெரியாது. நான்காம் எண் தலைவனாக இருக்கும்போது உறைந்தால், மற்றவை வேறொரு தலைவனைத் தேர்ந்துவிடும். அது விழித்துக்கொள்ளும்போது கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பாதியில் விட்ட எழுத்தை எழுதி முடித்து, சரி என்று பதிலும் கொடுத்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு தலைவர்கள். பிறகு எல்லாம் ஒன்றுகூடும்போது பழைய தலைவன் எழுதியதை மற்றவை அழித்துவிடும். அழித்ததற்கான தடயம்கூட மிஞ்சாது.

அவள் கைடின் கட்டுரையை எடுத்துத் திரும்பப் படித்தாள். ஏழாம் பக்கத்தில், இந்நேரம் பழைய தலைவன் இறங்கியிருக்கும் என்பது தெளிவு என்று ஒரு வரி இருந்தது. நிரூபணம் முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது. அது தெளிவில்லை. அது தவறு.

பதினான்கு பக்கத்தில் அதை எழுதினாள். அதைவிட நல்ல கணிதத்தை அவள் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதவில்லை. மேலே தேதி போட்டு, மெயிலில் அனுப்பிவிட்டு, அச்செடுத்தும் கொண்டு போனாள். பாராட்டுவார் என்றுகூட நினைத்தாள். தன் குறையைத் தன் மாணவியே கண்டுபிடிப்பது ஓர் ஆசிரியருக்குப் பெருமை என்று எங்கோ படித்திருந்தாள்.

சிவசுப்பிரமணியன் பதினான்கு பக்கத்தையும் அவள் முன்னாலேயே படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் நின்றுகொண்டிருந்தாள். படித்து முடித்ததும் தாள்களை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"லேபுல கேபிள் சரியில்லம்மா" என்றார். "தலைப்ப மாத்திக்க. வேற ஏதாச்சும் சின்னதா பாரு. உனக்கு அதுதான் சரியா வரும்."

மூன்றாண்டு வேலை அதோடு போயிற்று. அவர் கொடுத்த புதுத் தலைப்பு செத்த தலைப்பு. உலகத்தில் எல்லாரும் செய்து முடித்துவிட்டது. எதிர்த்துப் பேசினால் கைடை மாற்ற வேண்டும். கைடை மாற்ற அந்தக் கைடே கையெழுத்துப் போட வேண்டும். அவள் புதுத் தலைப்பை எடுத்துக்கொண்டாள்.

2017இல் சிவசுப்பிரமணியனின் மருமகன் திருச்சியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். பெரம்பலூரில் இரண்டு, அரியலூரில் ஒன்று என மூன்று தனியார் மருத்துவமனைகள் தங்களிடம் உள்ள ரத்த இருப்பைப் பகிர்ந்துகொள்ள அந்தக் கம்பெனி ஒரு பதிவேட்டைச் செய்து கொடுத்தது. எந்த மருத்துவமனையில் எந்த வகை ரத்தம் இருக்கிறது, எந்தப் பை யாருக்கு ஒதுக்கியாயிற்று என்று மூன்று இடத்திலும் திரையில் தெரியும். உள்ளே ஓடியது மாமனாரின் முறை. திறப்பு விழாவுக்கு வெற்றிச்செல்வியும் நாற்காலி எடுத்துப் போட அழைக்கப்பட்டிருந்தாள். விழா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் அவரிடம் தனியாகப் போய், ஆஸ்பத்திரியில் மட்டும் இது வேண்டாம் சார் என்றாள். அங்கே இருப்பதெல்லாம் புது மெஷின், உன் லேப் குப்பை மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அரியலூர் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் அரியமுத்து. அவனும் அவள் காலனிதான். திருமானூர் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். கணக்கில் அவள் முதல் என்றால் இவன் இரண்டாவது. குடும்பத்தில் இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாததால் டிப்ளமோவோடு நின்றுவிட்டான். மனைவி பெயர் மணிமொழி. வேலையில் மிகவும் சுத்தம். ஒரு குழாயில் பெயர் ஒட்டினால் மூன்று தடவை சரிபார்ப்பான் என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

2018 ஐப்பசியில் ஒரு பிற்பகல். காலையிலிருந்து மழை. அரியலூர் மருத்துவமனையில் புவனேஸ்வரி என்ற பெண் இரண்டாவது பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். ரத்தம் ஓ நெகட்டிவ். ரத்தப்போக்கு அதிகமாக இருந்தது. அரியமுத்து பதிவேட்டைப் பார்த்தான். அந்த வகையில் ஒரே ஒரு பை, பெரம்பலூரில் இருந்தது. புவனேஸ்வரி பெயருக்கு அதை ஒதுக்கினான். திரையில் பச்சை நிறத்தில், ஒதுக்கப்பட்டது என்று வந்தது. டாக்டரிடம் போய், ரத்தம் கிளம்பிவிடும் என்று சொன்னான். அதை நம்பி, தஞ்சாவூருக்கு ஆள் அனுப்ப இருந்ததை நிறுத்திவிட்டு அறுவைக்கு எடுத்தார்கள்.

அதே நேரத்தில் பெரம்பலூரில் லாரி மோதிய ஒருவருக்கு அதே பையை ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் திரையிலும் பச்சைதான். அந்த ரத்தத்தை அவருக்கு ஏற்றியாயிற்று. மழையில் வண்டி தாமதமாகிறது என்று அரியலூரில் காத்திருந்தார்கள். நான்கு மணிக்குப் புவனேஸ்வரி இறந்தாள். குழந்தை பிழைத்தது.

உறவினர்கள் மருத்துவமனைக்குள் புகுந்தார்கள். பதிவேட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தால், புவனேஸ்வரி பெயரில் எந்த ஒதுக்கீடும் இல்லை. பெரம்பலூர்ப் பதிவு மட்டும்தான் இருந்தது. பதிவே செய்யாமல் ரத்தம் வருகிறது என்று டாக்டரிடம் பொய் சொன்னான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நான் போட்டேன், பச்சையாக வந்தது என்று அரியமுத்து திரும்பத் திரும்பச் சொன்னான். வராந்தாவிலேயே அவனை அடித்தார்கள். இரண்டு பல் போயிற்று, இடது காது கேட்காமல் போயிற்று. அவனை அவர்களிடமிருந்து மீட்ட போலீஸ், கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தியதாகவும் பொய்த் தகவல் கொடுத்ததாகவும் வழக்குப் போட்டு உள்ளே வைத்தது. ஜாமீன் கிடைக்க நாற்பது நாள் ஆயிற்று.

செய்தித்தாளில் இதைப் படித்தபோது வெற்றிச்செல்வி கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பச்சையாக வந்தது என்று அவன் சொன்னதை வாசித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அரியலூர்க் கணினி அப்போது தலைவனாக இருந்திருக்கிறது. பத்து வினாடிக்கு மேல் உறைந்திருக்கிறது. அவன் எழுதியது எங்கே போயிற்று என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவர் அவள் தாள்களைப் பூட்டி வைத்தவர்.

அடுத்த மாதம் அவர் அழைத்தார். அன்று முதன்முறையாக உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. அவளுடைய ஆய்வுப் பதிவு மார்ச்சோடு காலாவதியாகிறது என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு முறை நீட்டித்தாயிற்று, இனி வழியில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்காதவர்களை ஜூனில் நிறுத்திவிடப் போவதாகக் கல்லூரியும் சுற்றறிக்கை விட்டிருந்தது. மேசை மேல் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவர் கையெழுத்திட வேண்டிய படிவம். இன்னொன்று, போலீஸ் கேட்ட தொழில்நுட்ப அறிக்கை, முழுதாக அச்சடித்தது.

"நான் குடுத்தா மாமனாருன்னு சொல்லுவாங்க" என்றார். "மூணாவது ஆள் வேணும். இந்த முறையில மூணு வருஷம் வேலை பாத்தவ நீ. ரெண்டையும் படிச்சுப் பாரும்மா. ஒரு கையெழுத்து உனக்கு வேணும், ஒண்ணு எனக்கு வேணும்."

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், இம்முறையில் எழுதப்பட்ட பதிவு அழிவதற்கு வழியே இல்லை, பயனர் பதிவை நிறைவு செய்யவில்லை என்பதே முடிவு என்று இருந்தது. வழியே இல்லை என்பதை, வழி இருப்பதாகத் தெரியவில்லை என்று மாற்றலாமா என்று கேட்டாள். யாருக்குத் தெரியவில்லை என்று கோர்ட்டில் கேட்பார்கள் என்றார் அவர். அவள் அரியமுத்துவின் பெயரைச் சொல்லி, அவன் எங்கள் ஊர்க்காரன் சார் என்றாள்.

"அதனாலதான் உன்ன கேக்குறேன்" என்றார் சிவசுப்பிரமணியன். "உங்க ஆளுக்கு எதிரா நீயே சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

காப்பி ஆறும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூன்றாம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். அவர் படிவத்தில் போட்டார். பேனா அவருடையது. அதை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு. மதுரைவீரனும் ஆண்டாயியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பேசியது ஒன்றும் புரியாவிட்டாலும் மற்றவர்கள் கை தட்டியபோது தட்டினார்கள். கைடு அவளைக் கடின உழைப்பாளி என்றார். மதுரைவீரன் அவர் காலில் விழப் போனார். அவர் தடுக்கவில்லை. மறுநாள் திருமானூர் கடைத்தெருவில் முனைவர் மதுரைவீரன் வெற்றிச்செல்வி என்று ஃபிளெக்ஸ் கட்டினார்கள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மணிமொழி தனியாகப் பஸ் ஏறிப் பெரம்பலூருக்கு வந்து, வெற்றிச்செல்வியின் வாடகை வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். கையில் ஒரே ஒரு தாள். வக்கீல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அறிக்கையின் இரண்டாம் பக்கம். கையெழுத்து இருந்த மூன்றாம் பக்கம் அவளிடம் இல்லை.

"யாரோ இப்புடி எழுதிக் குடுத்திருக்காங்களாம்க்கா" என்றாள். "அவரு பாத்தேன்னு சத்தியம் பண்றாரு. கம்ப்யூட்டர்ல எழுதுனது தானா அழிஞ்சு போவுமா? போவும்னு படிச்சவங்க ஒருத்தரு சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்றாரு. நம்ம வூட்டு ஆளு, டாக்டரு, நீங்க இருக்கீங்களேன்னு ஓடியாந்தேன்."

வெற்றிச்செல்வி தாளை வாங்கிக் கடைசி வரி வரை படித்தாள். படிப்பதுபோல் இருந்தாள் என்பதே சரி. ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம்.

"தானா அழியாது, மணிமொழி."

மணிமொழி தாளை மடித்துப் பையில் வைத்தாள். வெற்றிச்செல்வி தோசை ஊற்றிக் கொடுத்தாள். பஸ் நிலையம் வரை கூடவே போய் அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கொரோனாவால் தள்ளிப்போன வழக்கு 2021 தொடக்கத்தில் அரியலூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. வெற்றிச்செல்வியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அறிக்கையில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று அவள் சொன்னபோதுதான் மணிமொழிக்கு விஷயம் தெரிந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அரியமுத்துவின் வக்கீல் இலவச சட்ட உதவியில் வந்தவர். என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. இந்த முறையில் எந்தச் சூழ்நிலையிலாவது பதிவு அழியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது சரியான கேள்விதான். தற்செயலாகக் கேட்டுவிட்டார். அழியாது என்றாள் அவள். அரியமுத்து நல்ல காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓராண்டு தண்டனை. மேல்முறையீட்டில் ஆறு மாதமாகக் குறைந்தது. திருச்சி சிறையில் அதை முழுதாக இருந்து தீர்த்தான்.

சாட்சி சொன்ன வாரம் மதுரைவீரன் பெரம்பலூருக்கு வந்தார். சுண்ணாம்புத் தூசியால் அவர் நெஞ்சு அப்போதே போயிருந்தது. நாலு படி ஏறினால் உட்கார வேண்டும். மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ சொன்னது நெசந்தானே?"

"நெசந்தாம்ப்பா."

அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோடு ஊருக்குப் போய்க் காலனி முழுவதோடும் சண்டை போட்டார். படித்த பிள்ளை சாமிக்குப் பயந்து உண்மையைச் சொன்னதற்கா என் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று தெருவில் நின்று கத்தினார். அரியமுத்துவின் அப்பா அவருக்குச் சிறுவயதிலிருந்து கூட்டாளி. அவரோடு பேச்சை முறித்துக்கொண்டார். மறு வருடம் மதுரைவீரன் செத்தபோது பாடையைத் தூக்க வெளியூரிலிருந்து ஆண்டாயியின் தம்பி மக்கள் வர வேண்டியிருந்தது.

2022 ஜூனில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிவசுப்பிரமணியனின் முறையில் குறை இருக்கிறது, உறைந்து விழிக்கும் ஒரு தலைவனால் பதிவு தடயமின்றி அழியும் என்று ஏழாம் பக்கத்து வரியை எடுத்துக் காட்டியிருந்தார்கள். வெற்றிச்செல்வியின் பதினான்கு பக்கத்தை அவர்கள் பதினொன்றில் முடித்திருந்தார்கள். அதற்கு அந்த வருடத்தின் சிறந்த கட்டுரை என்று பரிசு கிடைத்தது. சிவசுப்பிரமணியன் ஓய்வு பெற்றிருந்தார். ஆய்விதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இருபதாண்டு கழித்தும் என் வேலையை இளைஞர்கள் ஆராய்வது எனக்குக் கிடைத்த பேறு, தவறை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன் என்று. இவ்வளவு பெரிய மனசா என்று எல்லாரும் வியந்தார்கள். இரண்டு பல்கலைக்கழகங்கள் அவரை ஆராய்ச்சி நேர்மை பற்றிப் பேச அழைத்தன. மருமகனின் கம்பெனி சத்தமில்லாமல் மூன்று மருத்துவமனைகளிலும் புது சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டுப் போயிற்று.

2015ஆம் ஆண்டுத் தேதியோடு அந்த மெயில் இன்னும் வெற்றிச்செல்வியிடம் இருந்தது. அதை வெளியே எடுத்தால் அந்தக் கண்டுபிடிப்பு முதலில் அவளுடையது என்று நிரூபிக்கலாம். அரியமுத்து பொய் சொல்லவில்லை என்றும் நிரூபிக்கலாம். கோர்ட்டில் தெரிந்தே பொய் சொன்னவள் யார் என்பதும் அந்த ஒரே மெயிலில் நிரூபணமாகிவிடும். அவன்தான் சிறையிலிருந்து வந்துவிட்டானே, இனிச் சொல்லி யாருக்கு என்ன என்று ஒரு மாதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது திருமானூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். அரியமுத்து வந்தான். லேப் வேலைக்கு அவனை யாரும் எடுப்பதில்லை. சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டப் போகிறான். கையெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. பள்ளியில் செல்வி என்று கூப்பிட்டவன் இப்போது மேடம் என்றான். அவள் அப்பா செத்ததற்குத் தன்னால் வர முடியாமல் போயிற்று, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். புவனேஸ்வரியின் திவசத்துக்கு வருடா வருடம் அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறானாம். அவள் புருஷன் முதல் வருடம் செருப்பால் அடித்தானாம், இந்த வருடம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"நான் போட்டேன்னுதான் ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன் மேடம்" என்றான். "உள்ள இருந்தப்ப யோசிச்சுப் பாத்தேன். நீங்க அவ்வளவு படிச்சவங்க, நம்ம ஊரு, எம்மேல உங்களுக்கு என்ன பகை? நீங்களே சொல்றீங்கன்னா நான் போட்டிருக்க மாட்டேன். அவசரத்துல போட்ட மாதிரி தோணியிருக்கும். அந்தப் பொண்ண நான்தான் கொன்னுட்டேன்."

அரியலூர் பஸ் வந்தது. அவன் அவளுடைய பையை வாங்கி உள்ளே வைத்து, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்து இறங்கினான். அவள் நன்றி சொன்னாள்.

இப்போது அவள் துறைத் தலைவர். அவளிடம் நான்கு பேர் ஆய்வு செய்கிறார்கள். அவள் அறையில் எல்லாருக்கும் நாற்காலி உண்டு. எம்.இ. மாணவர்களுக்கான பல கணினிகளைச் சேர்த்து இயக்குவது பற்றிய டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடத்தை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறாள்.